ஒல்லிப் பாதத்துக்கு ஏற்ற ஸ்கேட் ஸ்கீ பூட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில், பக்கவாட்டில் உந்திப் போகும் ஸ்கேட் முறையைப் பழகுகிறவர்களுக்கு பூட்ஸ் தேர்ந்தெடுக்க உதவி வருகிறேன். ஒல்லியான பாதம் உள்ளவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை, கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே பூட்ஸ் வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் நேரே லேஸ் பற்றிய கேள்விக்குப் போகலாம்.

என் கால் நிஜமாவே ஒல்லியா, இல்ல நான்தான் பெரிய சைஸ் வாங்கிட்டேனா?

பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலே இதைச் சொல்லிவிடும். அதை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். குதிகாலை அதன் பின்விளிம்போடு சேர்த்து, முழு எடையையும் போட்டு மேலே நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இன்சோல் தெரிந்தால் நீளமே அதிகம். நீளம் சரியாக இருந்து, பாதத்தின் இரண்டு பக்கமும் இன்சோல் பட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த பூட்ஸுக்கு உங்கள் பாதம் ஒல்லி.

ஒல்லியிலும் மூன்று வகை உண்டு. முன்பாதம் குறுகலாக இருக்கலாம், புறங்கால் தாழ்வாக இருக்கலாம், குதிகால் ஒடுக்கமாக இருக்கலாம். இன்சோல் சோதனை முதல் வகையைத்தான் நன்றாகக் காட்டும். லேஸைக் கட்டியதும் இரண்டு பக்கத்து ஓட்டை வரிசைகளும் நடுவில் வந்து முட்டிக்கொண்டால் புறங்கால் தாழ்வு என்று அர்த்தம். முழங்காலை வளைத்து முன்னால் சாயும்போது குதிகால் கிளம்பினால் அது ஒடுக்கமான குதிகால். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். எங்கே, எதை வைத்துச் சரிசெய்வது என்பதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

கொஞ்சம் லூசா இருந்தா என்ன? ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிடாதா?

சரியாகாது. ஸ்கேட் முறையில் ஸ்கீ முதலில் தட்டையாக வழுக்குகிறது, பிறகு நீங்கள் அதை உள்விளிம்பில் சாய்த்து உந்துகிறீர்கள். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் முதலில் பாதம் உள்ளே சாயும், அதற்கப்புறம்தான் பூட்ஸ் சாயும், கடைசியில்தான் ஸ்கீ. அந்த இடைவெளியில் போகிற பலம் எல்லாம் வீண். அதை ஈடுகட்ட கணுக்கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக உழைக்கும். கொஞ்ச தூரத்திலேயே முன்னங்கால் எலும்பை ஒட்டிய தசை எரிய ஆரம்பித்தால், உடல் தகுதியைக் குறை சொல்வதற்கு முன் பூட்ஸைப் பாருங்கள்.

இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொப்புளம் வரும். ஒரே தடிமனான சாக்ஸும் அப்படித்தான்: எடை விழுந்ததும் அமுங்கி, பழையபடி ஆட்டம் வந்துவிடும். மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். குளிருக்கு வேண்டுமானால் பூட்ஸுக்கு மேலே மாட்டும் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாசிக் பூட்ஸ்தான் எனக்குக் கச்சிதமா இருக்கு. அதையே ஸ்கேட்டுக்கும் போட்டுக்கலாமா?

பழகிப் பார்க்க ஒரு நாள் போடலாம், தொடர்ந்து வேண்டாம். கிளாசிக் என்பது இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து நேராக முன்னே போகும் முறை. கிளாசிக் பூட்ஸில் முன்பாதம் வளைய வேண்டும் என்பதற்காக அடிப்பாகத்தை இளக்கமாகவும், கணுக்கால் பகுதியைத் தாழ்வாகவும் செய்கிறார்கள். ஸ்கேட் பூட்ஸின் அடிப்பாகம் விறைப்பானது. கணுக்காலைச் சுற்றி பிளாஸ்டிக்கிலோ கார்பனிலோ ஒரு சட்டம் இருக்கும். அது முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. 1982இல் அமெரிக்க வீரர் பில் கோக் உலகக் கோப்பையை வென்று ஸ்கேட் முறையை எல்லாரும் திரும்பிப் பார்க்க வைத்தபோது இப்படிப்பட்ட பூட்ஸ் கிடையாது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் கிளாசிக், ஸ்கேட் முறைக்கு இடம்தரும் ஃப்ரீ என்று போட்டிகளையே பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு பூட்ஸும் இரண்டு வழியில் போய்விட்டன.

நடுவில், இரண்டு முறைக்கும் போடக்கூடிய காம்பி பூட்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. சட்டம் உண்டு, அடிப்பாகம் கொஞ்சம் இளக்கம். ஒல்லிப் பாதத்துக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. பெரும்பாலும் தாராளமான அளவில்தான் வருகிறது.

ஒரு சைஸ் சின்னதா வாங்கினா இறுக்கமா இருக்குமே?

ரொம்பப் பேர் செய்வது இதுதான். சைஸ் கூடக்கூட நீளத்தோடு சுற்றளவும் கூடும் என்பதால் சின்ன சைஸ் முதலில் கச்சிதமாகத் தோன்றும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் சுமார் 6.7 மில்லிமீட்டர் வித்தியாசம். விரலுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதைப் பறிகொடுத்தால் விரல் நுனி மோதும், நகம் கறுக்கும், ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் விறைத்துப்போகும். இத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் குதிகால் பிடிப்பு பெரிதாக மாறியிருக்காது, ஏனென்றால் சுற்றளவு கொஞ்சம்தான் குறைந்திருக்கும்.

அரை சைஸ் குறைப்பது வேறு விஷயம். ஐரோப்பிய அளவில் அது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். விரல் நுனிக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தால் அரை சைஸ் இறங்கிப் பாருங்கள். இடம் இல்லையென்றால் நீளத்தில் கைவைக்காதீர்கள்.

பூட்ஸோட அகலம் எவ்வளவுன்னு எங்கயாவது போட்டிருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் பூட்ஸில் முன்பாத அகலத்தை 98, 100, 102 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்டே விற்பார்கள். கிராஸ் கன்ட்ரியில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ‘பந்தய வெட்டு’, ‘சௌகரியமான வெட்டு’ என்பது போன்ற குறிப்புகளிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த ஊகம் உதவும்: ஒரே நிறுவனத்தில் விலை குறைந்த மாடல்கள் தாராளமாகவும், பந்தய மாடல்கள் காலை ஒட்டியும் இருக்கும். ஆரம்பநிலையில் இருப்பவர் என்றாலும், பாதம் ஒல்லியாக இருந்தால் பந்தய மாடலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். போன வருட மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்போ எந்த பிராண்ட் வாங்கலாம்?

ஆல்பினா தாராளம், சாலமனும் அதே குழுமத்தைச் சேர்ந்த அட்டாமிக்கும் கொஞ்சம் ஒடுக்கம் என்பது இந்த விளையாட்டில் பரவலாகச் சொல்லப்படுவது. எங்கே தொடங்கலாம் என்பதற்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவனங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை, பூட்ஸுக்கு வடிவம் கொடுக்கும் பாத அச்சையே மாற்றிவிடுகின்றன. ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் வாங்கிய பூட்ஸும் இன்று கடையில் இருப்பதும் பெயரில் மட்டும் ஒன்றாக இருக்கலாம்.

நண்பருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று நம்புவதற்கு முன், முதல் கேள்வியில் சொன்ன மூன்றில் அவருடைய பாதம் எந்த வகை என்று கேளுங்கள். தாழ்ந்த புறங்கால் உள்ளவர் புகழும் பூட்ஸ், ஒடுக்கமான குதிகால் உள்ளவருக்கு ஒன்றுக்கும் உதவாமல் போகலாம்.

நான் ஆண். பெண்களுக்கான பூட்ஸ் போட்டா தப்பா?

தப்பே இல்லை. பல நிறுவனங்கள் பெண்களுக்கென்று தனி அச்சில் செய்கின்றன. குதிகால் ஒடுக்கமாகவும் உள்ளளவு குறைவாகவும் இருக்கும். ஒல்லிப் பாதம் உள்ள ஆண்களுக்கு இது நல்ல வழி. நிறம் மட்டும்தான் வேறு, அச்சு ஒன்றே என்கிற மாடல்களும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு ஆடுதசை தாழ்வாக இறங்கியிருக்கும் என்பதால் சில மாடல்களில் கணுக்கால் சட்டத்தின் மேல்விளிம்பை விரித்தோ தாழ்த்தியோ வைத்திருப்பார்கள். உங்கள் கெண்டைக்கால் மெலிதாக இருந்தால் மேலே இடைவெளி விழும். சட்டத்தை இறுக்கும் பட்டையை முழுவதும் இழுத்த பிறகும் சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அந்த மாடல் வேண்டாம்.

கடையில போட்டுப் பார்க்கும்போது எல்லாமே நல்லா இருக்கு. பனியில இறங்கினாத்தான் தெரியுது. என்ன செய்யறது?

கடையில் எல்லாரும் செய்வது என்ன? பூட்ஸைப் போட்டு, நான்கு அடி நடந்து, ‘சரியா இருக்கு’ என்று கழற்றிவிடுகிறார்கள். ஸ்கேட் பூட்ஸை நடந்து பார்த்து எடை போட முடியாது. மதியத்துக்கு மேல், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போங்கள். பனியில் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளிவிட்டு, லேஸைக் கீழிருந்து மேலாக இழுத்து, கடைசியில் பட்டையைப் போடுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தில் மோதக் கூடாது. முழங்காலை வளைத்தால் இன்னும் விலக வேண்டும்.

அப்புறம் குதிகால். கூட வந்தவரை உங்கள் பூட்ஸின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குதிகாலை மட்டும் மேலே தூக்கப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை. சாக்ஸ் உள்ளே வழுக்கி ஏறுவதை உணர முடிந்தால் அது ஆகாது. பிறகு ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை வளைத்து, அதை மெதுவாக உள்ளேயும் வெளியேயும் சாயுங்கள். கடையில் பைண்டிங்கோடு (பூட்ஸை ஸ்கீயில் பிடித்துக்கொள்ளும் பாகம்) ஸ்கீ இருந்தால் அதில் மாட்டிச் செய்வது இன்னும் நல்லது. முழங்கால் அசைந்த அதே கணம் பூட்ஸின் விளிம்பும் அசைய வேண்டும். முழங்கால் போய்ச் சேர்ந்த பிறகுதான் பூட்ஸ் கிளம்புகிறது என்றால், பனியில் நடக்கப்போவது அங்கேயே தெரிந்துவிட்டது.

குறைந்தது பதினைந்து நிமிடம் காலிலேயே இருக்கட்டும். கணுக்கால் எலும்பு, சுண்டுவிரலின் அடி, புறங்காலின் மேடு ஆகிய மூன்று இடங்களிலும் வலி வருகிறதா என்று கவனியுங்கள்.

பக்கத்துல கடையே இல்ல. ஆன்லைன்லதான் வாங்கணும்.

அப்படியென்றால் திருப்பி அனுப்ப வசதி இருக்கிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். சுவரோடு குதிகாலைச் சேர்த்துக் காகிதத்தின் மேல் நின்று, பாத நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, அந்த நிறுவனத்தின் சொந்த அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஓட்டப் பயிற்சிக்குப் போடும் ஷூவின் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரிதாகிவிடும். அதில் விரலுக்கு முன்னால் கூடுதல் இடம் விட்டு வாங்கியிருப்பீர்கள். முடிந்தால் இரண்டு மாடல்களை ஒரே சைஸில் வரவழைத்து, வீட்டுக்குள்ளேயே மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, பொருந்தாததைத் திருப்பிவிடுங்கள்.

லேஸை நல்லா இறுக்கினா கால் மரத்துப் போகுது, விட்டா ஆடுது. நடுவுல நிக்கவே மாட்டேங்குது.

இந்தப் புகார் ஒல்லிக் குதிகால் உள்ளவர்களிடமிருந்து தவறாமல் வரும். ஒரே இழுப்பில் இறுகும் லேஸ் விரலிலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய ஒரே அளவில் இறுக்குகிறது. உங்களுக்கு இறுக்கம் வேண்டியது கணுக்கால் மடிப்பில் மட்டும். அதற்காக இழுக்கிற இழுப்பு முன்பாதத்தையும் சேர்த்து நசுக்குகிறது. பூட்ஸின் மேல்பகுதி அகலமாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். மிச்சத் துணி பெருவிரல் மூட்டுக்கு மேலே ஒரு மடிப்பாகத் திரளும். லேஸைக் கட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள், மடிப்பு கண்ணுக்கே தெரியும். உந்தும் ஒவ்வொரு முறையும் அது விரலின் மேல் குத்துகிறது. நீங்கள் மரத்துப்போனது என்று சொல்வதில் பாதி அதுதான்.

இறுக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓட்டைகளின் அமைப்பு இடம்கொடுத்தால் சாதாரண உருண்டை லேஸ் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பாதத்தில் மடிப்பு விழாத அளவுக்கு மட்டும் இழுங்கள். கணுக்கால் மடிகிற இடம் வந்ததும் இரண்டு நுனிகளையும் ஒன்றின் மேல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் அங்கே பூட்டிக்கொள்ளும். அதற்கு மேலே எவ்வளவு இறுக்கினாலும் கீழே கசியாது. லேஸை மாற்ற முடியாத மாடல் என்றால், முன்பாதத்தில் இழுத்த பிறகு கணுக்கால் மடிப்பில் லேஸை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, மறு கையால் மேல்பாதியை இழுங்கள். அவ்வளவு உறுதியாக இருக்காதுதான், ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

லேஸெல்லாம் மாத்திப் பார்த்துட்டேன். உள்ள எதையாவது வச்சு நிரப்பலாமா?

நிரப்பலாம், ஆனால் வரிசைப்படி. முதலில் பூட்ஸோடு வந்த மெல்லிய இன்சோலை எடுத்துவிட்டு, குதிகால் பகுதி கிண்ணம் போலக் குழிந்த நல்ல இன்சோல் ஒன்றைப் போடுங்கள். பலருக்கு இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குதிகாலைச் சுற்றியுள்ள சதை பக்கவாட்டில் பரவாமல் அந்தக் குழி பிடித்துக்கொள்கிறது. புறங்கால் தாழ்வாக இருந்தால் இன்சோலுக்கு அடியில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தட்டையான தாளை முழு நீளத்துக்கும் வெட்டி வையுங்கள். குதிகாலுக்கு அடியில் மட்டும் வைத்து உயர்த்தாதீர்கள். குதிகால் அதற்கான குழியை விட்டு மேலேறி, பிடிப்பு இன்னும் மோசமாகும்.

அடுத்தது நாக்கு, அதாவது பூட்ஸில் லேஸுக்கு அடியில் இருக்கும் மடல். நாக்கின் உட்பக்கத்தில், கணுக்கால் மடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு ஃபோம் அட்டையை ஒட்டினால் அது பாதத்தைப் பின்னாலும் கீழேயும் தள்ளிக் குதிகாலை அதன் இடத்தில் உட்கார வைக்கும். லேஸ் ஓட்டைகள் முட்டிக்கொள்கிற தொல்லையும் அதோடு போகும். இதைச் சொல்லாமலே இன்சோலை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். தாழ்ந்த புறங்காலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் வேறு இல்லை.

கடைசியாகக் குதிகால் பக்கங்கள். கணுக்கால் எலும்புக்குக் கீழேயும் பின்னேயும், குதிநரம்பின் இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் வடிவத்தில் வளைவாக ஃபோம் வெட்டி உள்ளே ஒட்ட வேண்டும். எலும்பின் மேல் ஏறக்கூடாது. ஓரங்களைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு அழுத்தும். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் பிறகு பசை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது வலிக்கிறது என்றே தெரியாது.

சூடு பண்ணி கால் அச்சுக்கு மாத்தித் தர்றாங்களாமே?

சில உயர்நிலை மாடல்களில் முடியும். சூடாக்கியதும் இளகும் பொருள் உள்ளே இருக்கும். நீங்கள் போட்டு நிற்க, ஆறும்போது பாதத்தின் வடிவத்துக்கு வரும். வலிக்கிற இடத்தில் கொஞ்சம் இடம் உண்டாக்க இது நல்ல முறை. பெரிதாக இருக்கிற பூட்ஸைச் சிறிதாக்க இதை நம்ப வேண்டாம். வீட்டு அடுப்பில் முயன்றால் பசை விட்டுப்போகும். தயாரித்த நிறுவனம் அனுமதித்த மாடலை, கருவி உள்ள கடையில் மட்டும் செய்யுங்கள்.

குதிகால் ஒல்லி, ஆனா முன்னாடி அகலம். பெருவிரல் எலும்பு வேற துருத்திக்கிட்டு இருக்கு. எதைப் பார்த்து வாங்கறது?

முன்பாதத்தைப் பார்த்து வாங்குங்கள். கூடுதலாக இருக்கும் இடத்தை நிரப்பிவிடலாம், இல்லாத இடத்தை உண்டாக்குவதுதான் பாடு. செயற்கைத் தோல் சாதாரணத் தோல் போல நாளடைவில் நெகிழ்ந்து கொடுப்பதில்லை, விறைப்பான அடிப்பாகமோ நெகிழவே நெகிழாது. முன்பாதம் வலிக்காத பூட்ஸாக எடுத்து, குதிகால் பக்கங்களுக்கு முந்தைய பதிலில் சொன்னபடி ஃபோம் வைத்து, லேஸை இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். அடியில் தாள் மட்டும் வேண்டாம். முன்பாதம் மேலே எழும்பி, துருத்திய எலும்பு மேல்பகுதியில் உரசும்.

ரெண்டு காலும் ரெண்டு அளவா இருக்கு.

பெரிய காலின் நீளத்துக்கு வாங்கி, சின்ன காலின் பக்கம் மட்டும் நிரப்புங்கள். இரண்டு பூட்ஸிலும் ஒரே மாதிரி இன்சோல் இருக்கட்டும், தாளும் ஃபோமும் மட்டும் வேறுபடலாம்.

வாங்கினப்ப கச்சிதமா இருந்துச்சு, ஒரு சீசன்லயே லூசாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

உள்ளே இருக்கும் ஃபோம் உங்கள் காலுக்கேற்ப அமுங்கியிருக்கிறது, அது இயல்பு. அதனால்தான் புதிதாக இருக்கும்போதே ‘பரவாயில்லை’ என்று தோன்றுகிற தளர்வை ஏற்கக் கூடாது. அது கூடுமே தவிரக் குறையாது. புதிய பூட்ஸ் வலிக்காமல், ஆனால் எல்லாப் பக்கமும் பிடித்தபடி இருக்க வேண்டும்.

இப்போது லூசாகிவிட்டதை, நிரப்புவது பற்றிய பதிலில் சொன்ன வரிசையிலேயே சரிசெய்யலாம். ஒவ்வொரு முறையும் இன்சோலை வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். பூட்ஸைக் கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பசையும் ஃபோமும் சீக்கிரம் கெடும்.

செகண்ட் ஹேண்ட்ல கச்சிதமான பூட்ஸ் கிடைச்சிருக்கு. என் ஸ்கீல மாட்டுமா?

அடியைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் ஒரு கம்பியும், நீளவாக்கில் இரண்டு பள்ளங்களும் இருந்தால் என்என்என் என்ற பைண்டிங் முறைக்கான வகை. புரோலிங்க், டர்னாமிக் என்ற பெயர்களில் வரும் பூட்ஸும் அதனோடு ஒத்துப்போகும். நடுவில் அகலமாக ஒரே பள்ளம் இருந்தால் எஸ்என்எஸ் என்ற பழைய முறை. அதிலும் பைலட் வகை என்றால் முன்பாதத்துக்கு அடியில் இரண்டாவது கம்பி இருக்கும். இவை என்என்என் பைண்டிங்கில் மாட்டாது. காலுக்குப் பொருந்தும் என்பதற்காக எஸ்என்எஸ் வாங்கினால் அதற்கேற்ற பைண்டிங்கையும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று: அது வேறொருவரின் காலுக்கு அமுங்கிய ஃபோம். ரொம்பப் பழையது என்றால் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தாலோ வேண்டாம்.

எல்லாம் செஞ்சாச்சு, குதிகால் அசையலை. ஆனாலும் ஸ்கீ உள்பக்கமாவே சாயுது. இப்பவும் பூட்ஸ்தான் காரணமா?

இருக்கலாம். கணுக்கால் சட்டம் மடங்கும் ஆணி உங்கள் கணுக்கால் எலும்பின் உயரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் தாள் மேல் தாளாக அடுக்கியிருந்தால் எலும்பு ஆணியை விட்டு மேலே போயிருக்கும். முழங்காலை வளைக்கும்போதெல்லாம் சட்டம் காலோடு மல்லுக்கட்டும். ஒரு தாளை எடுத்துவிட்டு நாக்கில் ஃபோமைக் கூட்டுங்கள். கெண்டைக்காலில் இடைவெளி இருந்தால், பட்டைக்கு அடியில் சட்டத்தின் உட்பக்கமும் ஒரு ஃபோம் துண்டு வைக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நின்று முழங்காலை வளையுங்கள். அப்போதும் பாதத்தின் உள்வளைவு தரையில் படிந்து கணுக்கால் உள்ளே விழுந்தால், காரணம் பூட்ஸ் இல்லை. உள்வளைவைத் தாங்கும்படி உங்கள் பாதத்துக்கே அளவெடுத்துச் செய்த இன்சோலும், ஒற்றைக் காலில் சமநிலைப் பயிற்சியும்தான் அதற்கு வேண்டியவை. வலியும் இருந்தால் பாத மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள், போகும்போது பூட்ஸையும் அதன் இன்சோலையும் எடுத்துச்செல்லுங்கள். இன்சோலில் எந்த இடம் அதிகம் தேய்ந்து கறுத்திருக்கிறது என்பதைப் பார்த்தே அவரால் நிறையச் சொல்ல முடியும்.